ஸ்டேஷனுக்குப் போய் வந்த ஆரோக்கியசாமி

ஆம்பூர் கடைத்தெருவில் ஆரோக்கியசாமிக்கு ஒரு வெற்றிலை பாக்குக் கடை இருந்தது. அதற்கு முன்னால் பதினேழு வருஷம் இஷ்தியாக் அகமது சாயபுவின் தோல் பதனிடும் கிடங்கில் சுண்ணாம்புக் குழியில் நின்று வேலை செய்தவர். ஆகையால் கூலிக்காரர்களுக்கும் அவர் வேண்டியவர், கடைக்காரர்களுக்கும் வேண்டியவர். ஞாயிறு பூசை தவறமாட்டார். பொய் பேசமாட்டார் என்று ஊரில் ஒரு பேர். அந்தப் பேரை ஆண்டவர் கொடுத்தார். அதை வைத்து என்ன செய்தோம் என்பதுதான் கடைசிவரை அவரை அரித்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம் கோடையில், ஒரே மாதத்தில் கடைத்தெருவில் மூன்று பூட்டு உடைந்தது. அதில் ஒன்று அவருடையது. இருக்கிற இரண்டு கான்ஸ்டபிள் போதாது, இன்னும் ஆறு பேரைக் கேட்டு சர்க்காருக்கு மனு எழுத வேண்டும் என்று கடைக்காரர்கள் சொன்னார்கள். எல்லாரையும் கேட்டுச் செய்வோம் என்று பள்ளிக்கூடத்து மரத்தடியில் கூட்டம் போட்டார்கள்.

"பொம்பளைங்க சாயங்காலம் தெருவுல நடக்க முடியல. அப்புறம் கடை எதுக்கு, ஊர் எதுக்கு?" என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

தோல் கிடங்கு ஆட்கள் பக்கத்திலிருந்து காசி எழுந்தான். ஆரோக்கியசாமியோடு ஒரே குழியில் ஒன்பது வருஷம் நின்றவன். "போலீசு வந்தா திருடன் ஓடிப்பூடுவான். ஆப்டறவன் நாங்கதான். எங்க மேல வர்ற நாத்தத்த மோந்துனே வந்து புடிச்சிடுவான்."

கூட்டம் சிரித்தது. காசி ஆரோக்கியசாமி பக்கம் திரும்பினான். "இன்னாண்ணே, இருக்கற ரெண்டு பேருக்கே ஓசி பீடி குடுத்து மாளல உனக்கு. இன்னும் ஆறு பேரா?"

சிரிப்பு இன்னும் ஜாஸ்தியானது. ஆரோக்கியசாமிக்கு முகம் சுண்டிவிட்டது. அந்த ரோஷத்தில்தான் எழுந்தார்.

"நானும் குழியில நின்னவன்தான்டா. தப்பு பண்ணாதவன் இன்னாத்துக்குப் பயப்படணும்? வரட்டும் போலீசு."

வேறு கடைக்காரர் யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பக்கம் கூச்சல்தான் கிளம்பியிருக்கும். சொன்னது அவர். கிடங்கு ஆட்களும் ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். காசி மட்டும் உட்கார்ந்துகொண்டான்.

புது சப்-இன்ஸ்பெக்டரோடு ஆறு பேரும் தெற்குச் சீமையிலிருந்து வந்தார்கள். பழைய இரண்டு பேருக்கும் வேறு ஊருக்கு மாற்றல் ஆகிவிட்டது. இந்த ஊர் வழக்கம் அவர்களுக்கு என்ன தெரியும்? சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது, தோலின் ஓரத்தில் அறுத்துத் தள்ளிய துண்டுகளை சாயபு ஆட்களுக்கே கொடுத்துவிடுவார். செருப்புத் தைக்க, கிணற்றில் நீர் இறைக்கும் கவலைச் சாலுக்கு ஒட்டுப்போட ஆகும். அதற்குச் சீட்டு இல்லை, கையெழுத்து இல்லை. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

அவர்கள் வந்த இரண்டாவது சனிக்கிழமை, அந்தத் துண்டு மூட்டையோடு காசியைத் திருட்டுக் கேஸில் பிடித்துவிட்டார்கள்.

பொழுது சாயும்போது காசி பெண்சாதி அமிர்தவள்ளி கடைக்கு ஓடி வந்தாள். "அண்ணே, சாயபு மெட்ராஸ் பெரியமேட்டுக்கு சரக்கு ஏத்தினு போயிருக்காரு. மொதலாளி இல்லாம நான் வாயத் தொறக்க மாட்டேன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு. கூலிக்காரங்க சொன்னா, நீங்க எல்லாம் ஒரே கும்பல்னு தொரத்துறாங்க. நீ ஒரு வார்த்தை வந்து சொல்லுண்ணே. உன்ன நம்புவாங்க."

"நாளைக்குப் பூசை முடிஞ்சதும் போறேம்மா" என்றார். உடனே போயிருக்கலாம். கடையைச் சாத்த எவ்வளவு நேரம் ஆகும்?

மறுநாள் பூசையில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கிக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்குப் போனார். சப்-இன்ஸ்பெக்டர் எழுந்து பெஞ்சைக் காட்டினார். "வாங்க பெரியவரே! உங்க பேச்சாலதான் நாங்க இந்த ஊருக்கு வந்தோமாம். பார்த்தீங்களா, வந்ததும் ஒரு திருடனைப் பிடிச்சிட்டோம்."

ஆரோக்கியசாமி வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து அவர் கண் தம் காலுக்குப் போயிற்று. போட்டிருந்த செருப்பு, போன பொங்கலுக்கு அதே மாதிரித் துண்டில் காசி தைத்துக் கொடுத்தது. இது ஏது என்று நம்மையும் கேட்டுவிட்டால்? கூட்டத்தில் அப்படிப் பேசிவிட்டு, இப்போது போலீஸ்காரர் செய்தது தப்பு என்று எந்த முகத்தோடு சொல்வது?

"சும்மா... பார்த்துட்டுப் போலாம்னு வந்தேங்க."

"நல்லது, நல்லது. ஏதாவதுன்னா சொல்லி அனுப்புங்க."

வெளியே வரும்போது கம்பிக்குள் இருந்தவன் பக்கம் அவர் திரும்பவில்லை. அமிர்தவள்ளி வாசலில் நின்றிருந்தாள். "சொன்னியாண்ணே?" என்றாள். பொய் பேசாத மனிதர், "சொன்னேன்மா" என்றார்.

திங்கட்கிழமை மாஜிஸ்திரேட் காசிக்கு ஒரு மாதம் போட்டு வேலூர் ஜெயிலுக்கு அனுப்பினார். செவ்வாய்க்கிழமை சாயபு வந்தார். விஷயம் கேட்டதும் நேரே கடைக்கு நடந்தார். "அரே ஆரோக்கியம், நீ அங்கே பதினேழு வருஷம் வேலை செஞ்சவன்தானே? துண்டு உனக்கும் குடுத்தேனே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" சாயபு வக்கீல் வைத்தார், மனுப் போட்டார். அது விசாரணைக்கு வருவதற்குள் காசி மாதத்தை முடித்துவிட்டான்.

ஆரோக்கியசாமி சாமியாரிடம் போய், செய்ததைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். "அந்த மனுஷன் கிட்டச் சொன்னியா?" என்று கேட்டார் சாமியார். இல்லை என்றார். "போய்ச் சொல்லிட்டு வா. அப்புறம் பார்க்கலாம்."

காசி திரும்பி வந்த அன்று அவன் வீட்டு வாசலில் போய் நின்றார். காசிதான் பேசினான்.

"நீ வந்ததப் பார்த்தேண்ணே. உன் கொரல் கேட்டதும் எழுந்து, வேட்டியெல்லாம் ஒதறிக் கட்டிக்கினேன், வூட்டுக்குப் போகப் போறமேன்னு." உள்ளே போகத் திரும்பினான். "வெயில்ல நிக்காத. கடையத் தொறந்து வெச்சிட்டு வந்திருப்ப."

அதற்குப் பிறகு ஆரோக்கியசாமி பதினோரு வருஷம் உயிரோடு இருந்தார். அத்தனை சனிக்கிழமையும் சாயங்காலம் நல்ல வியாபார நேரத்தில் கடையைச் சாத்திவிட்டு, கிடங்கு வாசலில் போய் நிற்பார். துண்டு மூட்டையோடு வருகிறவர்களுக்கு முன்னால் நடந்து போலீஸ் ஸ்டேஷனைத் தாண்டி விட்டுவிட்டுத் திரும்புவார். யாரும் கேட்காமலே, "இது மொதலாளி குடுத்ததுங்க, எங்க ஊரு வழக்கம்" என்பார். புதிதாக மாறி வந்த போலீஸ்காரர்கள், கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தார்கள்.

காசியும் அந்தக் கூட்டத்தில்தான் வருவான், கடைசி ஆளாக, இரண்டு கையையும் வீசிக்கொண்டு. அவன் மறுபடி துண்டு வாங்கவே இல்லை.