எரிச்சல்

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது அம்மாவுக்கு உடம்பு எரியத் தொடங்கியது. தோலில் தடிப்பு இல்லை, சிவப்பு இல்லை. ஆனால் புடவைத் தலைப்பு தோளில் பட்டாலே மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் இருக்கிறது என்பாள். செஞ்சியில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையில் பாதியை விழுங்கினாலே நாக்கு தடித்து நெஞ்சு படபடத்தது. மாற்றிக் கொடுத்ததும் அப்படித்தான்.

“எது குடுத்தாலும் ஒத்துக்கலன்னா நான் இன்னாதான் பண்றது? எல்லாம் உன் நெனப்புதான்” என்று என் அப்பா, நைனா, கத்தினார். கத்திவிட்டு நாட்டு வைத்தியர்களைத் தேடிப் போனார்.

அனந்தபுரத்து வைத்தியர் நாடி பார்த்து, சூடு என்றார். கற்றாழைச் சோற்றைத் தடவச் சொன்னார். தடவிய வேகத்தில் அம்மா அலறிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினாள். மேல்மலையனூர் வைத்தியரோ சூடே இல்லை, ரத்தத்தில் நஞ்சு என்றார். அவருடைய கஷாயம் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. இருவரும் போட்டி போட்டுக்கொண்டு பத்தியம் சொன்னதில் கத்தரிக்காய், கருவாடு, புளி எல்லாம் போய் அம்மாவின் தட்டில் மோர்சோறு மட்டும் மிஞ்சியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நைனா செய்த குழப்பத்தில், இருவரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள்.

“உன் கஷாயத்தாலதான்யா வயிறு புண்ணாச்சு” என்றார் அனந்தபுரத்தார்.

“நீ கண்டதையும் தடவுன, தோல் வெந்துபோச்சு” என்றார் மற்றவர்.

குரல் தெருவரைக்கும் போனது. ஈரத்துண்டைப் போர்த்தியபடி சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்தாள். “எரியறது எனக்கு. நீங்க இன்னாத்துக்குக் குதிக்கிறீங்க? ஏன் எரியுதுன்னு தெரிஞ்சா சொல்லுங்க. இல்லன்னா எழுந்து போங்க!”

மேல்மலையனூரார் பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார். அனந்தபுரத்தார் மட்டும் எழவில்லை.

“எனக்குத் தெரிலம்மா” என்றார். “எரியறது நெசம். ஏன்னுதான் பிடிபடல. இனிமே நான் ஒண்ணும் தடவச் சொல்ல மாட்டேன். பாண்டிச்சேரிக்குப் போயி நரம்பு டாக்டரைப் பாருங்க. எது எது ஒத்துக்கலன்னு மறக்காம சொல்லுங்க.”

அம்மா முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு அழுதாள்.

பாண்டிச்சேரி டாக்டர் துளி அளவில் தொடங்கி மெல்ல மெல்ல மருந்தைக் கூட்டினார். எரிச்சல் தணிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. காரணத்தை மட்டும் இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

அன்று அழுது முடித்த அம்மா, அனல் பட்டால் துடிப்பவள், அடுப்பைப் பற்றவைத்து அனந்தபுரத்தாருக்கு டீ போட்டாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒன்றும் தெரியாத வைத்தியருக்கு டீ ஒரு கேடா? அவள் அழுததையும், இனிப் பிழைக்க மாட்டோம் என்ற பயம் என்றே நினைத்தேன். எரிகிறது என்று அவள் சொன்னதை அத்தனை மாதங்களில் நம்பிய முதல் ஆள் அவர்தான் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.