மேடையில் ஒரு ஸ்ட்ரைக்

ஏழாம் வகுப்பில் என்னிடம் இருந்த சொத்து வாயும் பிடிவாதமும்தான். பள்ளியில் 'ஒரு சொல்லின் கதை' என்று பேச்சுப்போட்டி அறிவித்ததும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். மற்ற பிள்ளைகள் அன்பு, அறிவு, தாய்மை என்று சமர்த்துச் சொற்களை எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்தது ஸ்ட்ரைக்.

அப்போது எங்கள் வீட்டில் வேறு சொல்லே புழங்கவில்லை. தாத்தா பயிர்வைத்த கொல்லை நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனதற்கு ஈடாகக் கிடைத்த ஒற்றை வேலை, மூத்தவர் என்பதால் அப்பாவுக்கு வந்தது. அவர் பெர்மனன்ட் ஆனார், நாங்கள் நகரியத்துக் குவார்ட்டர்ஸுக்கு வந்தோம். சித்தப்பா சொந்த ஊரான வடக்குத்திலேயே தங்கி, அதே சுரங்கத்தில் காண்ட்ராக்டில் வேலை பார்த்தார். இப்போது பெர்மனன்ட் கேட்டு, தன் ஆட்களோடு சுரங்க வாசலில் உட்கார்ந்துவிட்டார். அப்பா தினமும் சைக்கிளை விட்டு இறங்காமலே அவரைத் தாண்டித்தான் ஷிப்டுக்குப் போனார். அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோயிருந்தது.

"ஊர்ல என்ன நடக்குதுன்னு தெரியுமில்ல? வேற சொல் எடு. இல்லன்னா பேரை அடிச்சிடுவேன்" என்றார் டீச்சர். அப்பாவுக்கும் சொல்லியனுப்பினார்.

"இன்னாடி இது? நாளைக்கு எல்லாரும் என்னத்தான கேப்பாங்க?" என்றார் அப்பா.

"அம்மான்னு ஒரு சொல்லு இருக்குதே, அதப் பேசேன்" என்று அம்மா தனக்குத் தானே சிபாரிசு செய்துகொண்டார்.

உண்ணாவிரதம் அறிவித்தேன். மாலையில் அம்மா பஜ்ஜி போடும்வரை அது மிகத் தீவிரமாக நடந்தது. பஜ்ஜியைத் தின்றுவிட்டு வியூகத்தை மாற்றினேன். டீச்சரிடம் 'உழைப்பு' என்று தலைப்புக் கொடுத்தேன்.

மேடையில் வணக்கம் சொன்ன கையோடு ஸ்ட்ரைக்குக்குத் தாவினேன். எல்லாம் பிரவுசிங் சென்டரில் பொறுக்கியது. ஆங்கிலேயக் கப்பல் ஆட்கள் கூலி கேட்டுப் பாய்களை இறக்கிப் போட்டார்களாம். அப்படி இறக்குவதற்குப் பெயர் ஸ்ட்ரைக். ஸ்பானியர்களின் 'வெல்கா' மூச்சு வாங்கி இளைப்பாறுவதிலிருந்து வந்தது. இத்தாலியர்களின் 'ஷோபெரோ' வேலையிலிருந்து வெளியே வருவது. ஜெர்மன்காரர்கள் சிரமமே படாமல் ஆங்கிலத்தைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள், நான் வீட்டுப்பாடம் செய்வதுபோல. பிரெஞ்சில் 'க்ரெவ்' என்றால் ஆற்றோர மணல். பாரிஸில் அப்படி ஒரு மணல் திடலில், வேலையில்லாதவர்கள் யாராவது கூப்பிடுவார்களா என்று காத்து நிற்பார்களாம். அந்த இடத்தின் பெயரே போராட்டத்துக்கும் ஆகிவிட்டது.

"எங்க சித்தப்பாவும் அங்கதான் நிக்கிறாரு. பாரிஸ்ல இல்ல, நம்ம சுரங்க வாசல்ல!"

டீச்சர் மணியை அடித்தார். நேரம் முடியவில்லை, ஆனாலும் விடாமல் அடித்தார். பிறகு மைக் செத்தது. என் தொண்டைக்கு மைக் எப்போதுமே அலங்காரம்தான். "அவங்க ஒண்ணும் சும்மா ஒக்காந்துகினு இல்ல!" என்று கடைசி வரிசைவரை கேட்கும்படி கத்திவிட்டுத்தான் இறங்கினேன். கலந்துகொண்ட எல்லோருக்கும் கொடுத்த சோப்பு டப்பாகூட எனக்குக் கிடைக்கவில்லை.

கடைசி வரிசையில் அப்பா இருந்தார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் திட்டுக்குப் பதில் தயாரித்துக்கொண்டே சைக்கிளில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"அந்த மணலு… யாராச்சும் கூப்புடுவாங்களான்னு நிப்பாங்களா?"

"ஆமாம்பா."

வீடு வரும்வரை மெதுவாகவே மிதித்தார்.

மறுநாள் காலை, என் வீரத்தைச் சித்தப்பாவிடம் அளக்கலாம் என்று பள்ளிக்குப் போகாமல் சுரங்க வாசலுக்குப் போனேன். வாயைத் திறப்பதற்குள் அப்பா வந்துவிட்டார். உட்கார்ந்திருந்தவர்களைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கினார். வரிசை முடியும்வரை தலை குனிந்து மெதுவாகத் தள்ளிக்கொண்டே போனார். சித்தப்பா எழுந்து நின்றார். அப்பா வாசலுக்குள் நுழையும்வரை அப்படியே நின்றார்.

"பஞ்சரா சித்தப்பா? டயர்ல காத்து இருக்குதே?"

சித்தப்பா துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். "போ, ஸ்கூலுக்கு நேரமாவுது" என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அத்தனை தேசம் சுற்றித் தொண்டை கிழியப் பேசியும், என் பேச்சால் ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று உதைத்துக்கொண்டே நடந்தேன், வழியில் கிடந்த கற்களையெல்லாம்.