மணிக்கட்டில் நான் போட்ட கட்டு

அப்போது பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் எங்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. ஒருநாள் காலை அங்கே என் மனைவியின் விரலில் பாம்பு கடித்துவிட்டது. பதறிப்போய் மணிக்கட்டில் கயிற்றை இறுக்கிக் கட்டி, ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியை விரட்டினேன்.

"ஏனுங்க, கை மரத்துப் போச்சுங்க. கொஞ்சம் தளர்த்தி உடுங்க," என்று வழியெல்லாம் கெஞ்சினாள்.

"வெசம் ஏறிப்போயிரும், பேசாம வா," என்று அதட்டினேன்.

டாக்டர் பல்தடத்தைப் பார்த்து, விஷமில்லாத பாம்பு என்று சொல்லிக் கட்டை அவிழ்த்தார். நீலம் பாய்ந்திருந்த கை சட்டென்று செக்கச்செவேலெனச் சிவந்தது. டாக்டர் சொன்னதையும் மறந்து, விஷம்தான் ஏறுகிறது என்று கத்தினேன்.

"பயப்படாதீங்க. பட்டினி கெடந்த சதைக்கு ரத்தக் குழாய் தானா விரிஞ்சு ரத்தம் குடுக்குது. இன்னும் நேரமாயிருந்தா கையே போயிருக்குமுங்க," என்றார்.

பாம்பு செய்யாததை நான் செய்யப் பார்த்தேன் என்ற நினைப்பு இன்றும் என்னை நிம்மதியாக இருக்கவிடுவதில்லை.