காது கேட்காத குட்டிக்குச் சுற்றக் கற்றுக்கொடுத்தது

கொட்டகலைக் கடைத்தெருவில் மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த வெள்ளை நாய்க்குட்டியை என் கணவர்தான் தூக்கி வந்தார். போனில் பார்த்த நாய்களைப்போல இதுவும் உட்கார வேண்டும், கை கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. தோட்டத்தில் கொழுந்து பறித்துவிட்டு லயத்து வீட்டுக்கு வந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்து, "உக்காரு, உக்காரு" என்று தொண்டை வற்றக் கத்துவேன். அது என் வாயையே பார்த்துக்கொண்டு வாலை ஆட்டும்.

"அதுக்கு மண்டையில ஒன்னும் இல்ல. விடு புள்ள," என்றார் அவர்.

ஒரு நாள் குக்கர் மூடி கைதவறிச் சிமெந்துத் தரையில் விழுந்தது. பக்கத்து வீட்டு அக்கா பதறி ஓடிவந்தார். அருகிலேயே படுத்திருந்த குட்டி கண்ணைக்கூடத் திறக்கவில்லை. மூடியை எடுத்து அதன் தலைக்குப் பின்னால் ஓங்கித் தட்டினேன். அசையவில்லை.

"அடியே, இது செவிடு! இதுக்குப் போயி பாடம் நடத்திக்கிட்டு இருந்தியா?" என்று அக்கா சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. "காது கேக்காட்டி என்னக்கா, கண்ணு இருக்குல்ல?" என்றேன்.

அன்றே கத்துவதை நிறுத்தினேன். கையை மூடினால் உட்கார வேண்டும். உள்ளங்கையை நீட்டினால் கை கொடுக்க வேண்டும். விரலைச் சுழற்றினால் சுற்ற வேண்டும். உட்காருவதும் கை கொடுப்பதும் சீக்கிரமே வந்துவிட்டன. சுற்றுவதுதான் பெரும்பாடு. பாதி சுற்றியதும் மூக்கு அடுப்புப் பக்கம் போய்விடும், அங்கேயே நின்றுவிடும். கருவாட்டுத் துண்டை விரலிடுக்கில் பிடித்து, அதன் மூக்குக்கு முன்னால் வட்டம் போட்டேன். இடுப்பு விட்டுப்போனது. நான் விடவில்லை. கருவாடு இல்லாமலே விரலைப் பார்த்து அது முழுதாகச் சுற்றிய சாயங்காலம், நானும் அதோடு சேர்ந்து ஒரு சுற்றுச் சுற்றினேன்.

தேயிலை ஃபெக்டரியிலிருந்து வந்த கணவர் நம்பவில்லை. "எங்க, கை குடு," என்று அதட்டினார். அது அவர் முகத்தைப் பார்த்தது.

"பேசாம கைய நீட்டுங்க," என்றேன்.

நீட்டினார். சேற்றுக்காலைத் தூக்கி அவர் உள்ளங்கையில் வைத்தது. அவர் கையை எடுக்கவேயில்லை. "அக்கா, இங்க வந்து பாருங்க, எனக்கும் குடுக்குது!" என்று கூப்பிட்டார். அக்கா வந்து தானும் கையை நீட்டிப் பார்த்தார். பிறகு தன் வீட்டுக்குப் போய், சுட்ட ரொட்டியில் பாதியைப் பிய்த்துக்கொண்டு வந்தார்.

இப்போது தரையில் உருளப் பழக்குகிறேன். அந்தப் பக்கம் உருண்டால் சுவர், இந்தப் பக்கம் மேசைக்கால். மேசையை வெளியே தூக்கிப்போடச் சொல்லி அவரிடம் சொல்லியிருக்கிறேன்.