முட்டியிலிருந்து எடுத்த தண்ணீர்

எங்கள் பள்ளிவாசலில் கடைசி வரிசைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருக்கும். முழங்கால் மடங்காதவர்கள் அதில் உட்கார்ந்து தொழுவார்கள். அவர்களுக்கு 'ஆபீசர்கள்' என்று பெயர் வைத்தவன் நான்தான். எனக்கே வலது முட்டி வீங்கியபோது, வலியைவிட அந்த நாற்காலிதான் பயமாக இருந்தது. நெற்றியைத் தரையில் வைக்கும் சஜ்தா இல்லாத தொழுகையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மாமல்லபுரத்தில் எங்களுக்குத் தொப்பியும் கூலிங்கிளாசும் விற்கும் கடை. அதை மனைவியிடம் விட்டுவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை காலை செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரியில் முட்டி மரத்துப்போக ஒரு ஊசி போட்டார்கள். பிறகு பெரிய ஊசியால் உள்ளேயிருந்து தண்ணீரை இழுத்தார்கள். விளக்கெண்ணெய் மாதிரி இருந்தது.

"இதுல கொஞ்சத்தை ஆராய்ச்சிக்கு வச்சுக்கலாமா, பாய்?" என்று இளம் டாக்டரம்மா கேட்டார். குருத்தெலும்பு தேயும்போது புரதத் துணுக்குகள் இந்தத் தண்ணீரில் கலக்குமாம். யாருக்கு வேகமாகத் தேயும், யாருக்கு மெதுவாகத் தேயும் என்பதை எக்ஸ்ரேவுக்கு முன்பே அவை காட்டிக்கொடுக்குமா என்று பார்க்கிறார்களாம். தாராளமாக என்று கையெழுத்துப் போட்டேன். என் முட்டி எந்த ரகம் என்று சொல்லிவிடுவார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

திருக்கழுக்குன்றம் வழியாக வந்த பஸ் மதியம் ஜும்ஆ தொழுகைக்குச் சரியாக இறக்கிவிட்டது. முன்வரிசையில் நின்றேன். சஜ்தாவில் முட்டி தரையில் பட்டதே தெரியவில்லை. குணமாகிவிட்டது என்று நம்பினேன். வெளியே செருப்பு மாட்டும்போது நாற்காலிக்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார்.

"இன்னா பாய், படக்குனு எயுந்துகினே? இன்னா பண்ண?"

"தண்ணிய எட்த்துட்டாங்க. அவ்ளோதான். நீயும் போய் எட்த்துக்க."

பெரிய வைத்தியன் மாதிரி ஆஸ்பத்திரிக்கு வழி வேறு சொன்னேன். சாயங்காலத்துக்குள் ஊசியின் மரப்பு இறங்கிவிட்டது. மஃரிப் தொழுகையில் குனிந்தவனை இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டேன்.

"என் தண்ணி இன்னா சொல்லுது, மா? இனிமே தரையில தொழ முடியுமா, முடியாதா?"

அவர் என் முட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "உங்களுக்குன்னு தனியா ரிசல்ட் வராது, பாய். நிறையப் பேரோடத ஒண்ணா வச்சுப் பார்த்தாதான் எதாவது தெரியும். டியூப்ல உங்க பேரே கிடையாது. பின்னால வர்றவங்களுக்கு உதவலாம்." சீட்டில் மாத்திரை எழுதினார். "இனிமே முட்டிய மடக்காதீங்க. நாற்காலியிலயே தொழுங்க."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அழுகையும் வரவில்லை. சரிம்மா என்றேன். பஸ்ஸில் ஜன்னலோரம்தான் உட்கார்ந்து வந்தேன். வழியில் எதைப் பார்த்தேன் என்று கேட்டால் தெரியாது. ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று மனைவி கேட்டாள். மாத்திரை கொடுத்தார்கள் என்றேன்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில், நான் வழி சொன்ன அதே நாற்காலிக்காரர் பக்கத்து நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டார். "ஒக்காரு பாய்." இமாமின் குரலுக்கு வரிசை மொத்தமும் தரைக்குப் போனது. நான் உட்கார்ந்தபடியே குனிந்தேன். நெற்றி எதிலும் படவில்லை. எவ்வளவு குனிந்தால் போதும் என்று தெரியாமல் அப்படியே இருந்தேன்.