பாதி முகம் அசையாத நாட்கள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு மழைக்காலக் காலையில் அது நடந்தது. நாங்கள் அஸ்தினாபுரத்தில் குடியிருந்தோம். குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்புக்கு டீச்சராக இருந்தேன். அன்று பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளித்தபோது, தண்ணீர் உதட்டின் இடப்பக்கம் தானாக ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தேன். முகத்தின் இடப்பக்கம் முழுதும் தொங்கிக் கிடந்தது. இடது கண்ணை மூடவே முடியவில்லை.

முக நரம்பு பாதிக்கப்பட்டிருப்பதாக டாக்டர் சொன்னார். "பெரும்பாலும் சரியாயிடும். முழுசா சரியாகுமான்னு இப்பவே சொல்ல முடியாதும்மா" என்றார்.

இரண்டு நாள் பள்ளிக்குப் போய்ப் பார்த்தேன். உதடு ஒட்டாததால் 'ப'வும் 'ம'வும் குழறின. பிள்ளைகள் சிரித்தார்கள். சின்னப் பிள்ளைகள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் எனக்குத் தாங்கவில்லை. நீண்ட லீவு போட்டேன். வீட்டுக் கண்ணாடியைத் திருப்பி மாட்டினேன். சாமிக்கு விளக்கேற்றுவதையும் நிறுத்தினேன். ஆபீஸ் கிளம்பும் முன் என் கணவரே ஏற்றிவிட்டுப் போவார்.

நரம்பைத் தூண்டிவிட முகத்துக்குக் கரண்ட் வைக்க தினமும் தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருவாள் ஒரு பூக்காரப் பெண். என் வயதுதான் இருக்கும். பஸ்ஸிலிருந்து விழுந்ததில் வலது கை நரம்பு அடிபட்டு, விரல்கள் மரத்துப் போயிருந்தன. பூக் கட்டுபவளுக்கு விரல் போனால் என்ன மிச்சம்? ஆனால் அவள் வரும்போதே ஏதாவது சேதியோடுதான் வருவாள். "டீச்சர், இன்னிக்கு சுண்டு வெரலு லேசா ஆடுச்சு!"

எனக்கு எரிச்சலாக வரும். ஒரு நாள் பொறுக்க முடியாமல், வாயைத் துண்டால் மறைத்துக்கொண்டு கேட்டே விட்டேன். "உனக்கு எப்படிம்மா சிரிப்பு வருது?"

அவள் கோபப்படவில்லை. "ஒரு மாசம் அயுதுகினே கெடந்தேன் டீச்சர். அயுதா வெரலு ஆடுதா, இன்னா? இப்பல்லாம் காலைல எய்ந்ததும், இன்னா ஆடுதுன்னு மட்டும் பாக்குறேன். ஆடுறதுக்கு சாமிக்கு ஒரு கும்புடு. ஆடாததை நாளைக்குக் கேட்டுக்கலாம், சாமி எங்க போய்டப் போவுது?"

வீட்டுக்கு வந்து கண்ணாடியை நேராகத் திருப்பினேன். வலது கண் மூடியது. நாக்கு புரண்டது. பேச்சு குழறினாலும் குரல் இருந்தது. இத்தனை நாள் இதையெல்லாம் நான் பார்க்கவே இல்லை. அன்று விளக்கை நானே ஏற்றினேன். எதுவும் கேட்கத் தோன்றவில்லை. நன்றி மட்டும் சொன்னேன்.

முகம் பாதி சரியாவதற்குள்ளேயே வேலைக்குத் திரும்பினேன். வகுப்பில் நுழைந்ததும் பிள்ளைகளிடம் உண்மையைச் சொன்னேன். "டீச்சருக்கு முகத்துல பாதி தூங்குது. 'ப' சரியா வரலைன்னா நீங்க சத்தமாச் சொல்லி அதை எழுப்புங்க." அன்றிலிருந்து நான் எங்கே தடுமாறினாலும் வகுப்பே "பா!" என்று கத்தும். பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எட்டிப் பார்ப்பார். யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, நாங்கள் சேர்ந்து சிரித்தோம்.

சில மாதம் கழித்து அந்தப் பூக்காரப் பெண்ணைத் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் பார்த்தேன். மூன்று விரல்களுக்குத்தான் உணர்வு திரும்பியிருந்தது. நாரின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் லேட்டாவுது டீச்சர், அவ்ளோதான்" என்றாள்.

என் முகமும் முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இன்றும் சிரித்தால் உதட்டின் இடப்பக்கம் கொஞ்சம் பின்தங்கித்தான் வரும். எல்லாம் சரியான பிறகு நிம்மதியாக இருக்கலாம் என்று காத்திருந்தால், அந்த நிம்மதி எனக்கு இன்றுவரை கிடைத்திருக்காது.