இருபத்தைந்தாவது சொல்

அடுக்களையிலிருந்து மூக்குச் சிந்தும் சத்தம் கேட்டது. படுக்கையறையைத் தாழிட்டுக்கொண்டு எழுதிக்கொண்டிருந்த பால்வண்ணநாதனின் பேனா பதினான்காவது சொல்லில் நின்றது. அக்கா அழுகிறாளா, அல்லது காலையில் ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்ததால் பிடித்த சளியா? தெரியவில்லை. தெரியாததுதான் கொடுமை.

பாதியில் எழுந்து போகவும் முடியாது. கையில் இருந்தது கட்டைவிரல் அளவுக் கருவி ஒன்று. மனைவி ஸ்ரீமதி அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கொடுத்திருந்ததால், குட்டித் திரையைத் துடைத்துத் துடைத்துப் படிக்க வேண்டியிருந்தது. அதன் பெயர் ஹார்டுவேர் வாலட். மகள் மீனாவின் மேல்படிப்புக்கென்று பல வருடமாகச் சிறுகச் சிறுக வாங்கிய பிட்காயினை இனி அதில்தான் பூட்டப்போகிறார். அவர் பிட்காயின் வாங்கிப் போட்டுவைத்திருப்பது போன்ற ஏதோ ஒரு எக்ஸ்சேஞ்சில் கொள்ளை போனதாகச் செய்தி படித்த நாளிலிருந்து அவருக்கு உறக்கம் இல்லை.

கருவி காட்டும் இருபத்து நான்கு ஆங்கிலச் சொற்களையும் வரிசை மாறாமல் தாளில் எழுதி ஒளித்துவைக்க வேண்டும். கருவி தொலைந்தாலும் சொற்கள் இருந்தால் பணம் பிழைத்துக்கொள்ளும். அந்தச் சொற்கள் இன்னொருவருக்குத் தெரிந்துவிட்டால் பணம் அவருடையது.

அதனால்தான் தாழ்ப்பாள். ஆனால் தாழ்ப்பாளுக்கு அந்தப் பக்கம் நின்றவள் மங்களேஸ்வரி அக்கா.

தாயில்லாத தம்பிக்குத் தாயாக இருந்தவள். ஓய்வுபெற்ற ஆசிரியை, அச்சன்புதூரில் இருக்கிறாள். தம்பி வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும் அவள் கைதான் முதலில் பட வேண்டும். தென்காசியில் அவர் டிரைவிங் ஸ்கூல் தொடங்கியபோது, முதல் காரின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்ததும் அவள்தான். அந்தக் காரில் அவர் காலுக்கடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. வீட்டில் அப்படி ஒரு வசதி இல்லை.

அக்காவிடம் ஒரே ஒரு குறை. அவள் நெஞ்சில் எதுவும் தங்காது. வாலிபத்தில் பால்வண்ணநாதன் முதல் லைசென்ஸ் டெஸ்டில் தோற்றார். அழுதுகொண்டே அக்காவிடம் மட்டும் சொன்னார். அந்த வாரமே இலத்தூர் வரை செய்தி போய்விட்டது. இன்றைக்கும் பிள்ளையைப் பயிற்சியில் சேர்க்க வருகிறவர்கள், “அண்ணாச்சி, நீங்க மொத தடவ பாஸ் ஆகலையாமே” என்று பரிவோடு விசாரிக்கிறார்கள்.

இதை அவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அந்த நெஞ்சு தாங்குமா?

கடைசிச் சொல்லை எழுதி, தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கதவைத் திறந்தார். அக்கா எதிரிலேயே நின்றாள். கண் சிவந்திருந்தது.

“ஒனக்குச் சோறு ஊட்டும்போது நான் கதவ சாத்திக்கிட்டா ஊட்டுனேன்?”

அக்காவை மைனி என்று கூப்பிடும் ஸ்ரீமதி, கணவரைத் தனியே இழுத்து, மைனி கையால் ஏதாவது ஒன்றை அமுக்க விடாவிட்டால் இன்று வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது என்று எச்சரித்தாள்.

அப்போதுதான் விளக்கக் குறிப்பில் படித்த ஒன்று அவருக்கு நினைவு வந்தது. விரும்பினால் இருபத்தைந்தாவதாக ஒரு சொல்லை நாமே சேர்த்துக்கொள்ளலாம். அதைப் போட்டால் அதே கருவிக்குள் வேறொரு கணக்கு திறக்கும். அந்தச் சொல் திரையிலும் வராது, எங்கேயும் பதிந்தும் இருக்காது. போட்டவர் மனத்தில் மட்டும்தான். அக்கா பெயருக்கு ஒரு சொல் போடட்டும்; அதில் கொஞ்சூண்டு வைப்போம்; மீனாவின் படிப்பு நம் கணக்கில் பத்திரமாக இருக்கட்டும். பாசமும் பிழைத்தது, பணமும் பிழைத்தது என்று அவர் மகிழ்ந்தார்.

அக்காவை உட்காரவைத்துத் தீவிரமாகப் பாடம் எடுத்தார்.

“திருட்டுப்பய போன்ல மொதல்ல நைசாக் கேப்பான். அப்புறம் அவசரம்பான். கடைசில அழுவான். எவனுக்கும் சொல்லக் கூடாதுக்கா. என் குரல்லயே பேசுவான், நம்பிராத.”

“நீயே கேட்டா?”

“நானே கேட்டாலும்.”

அக்காவின் முகத்தில் ஒரு கம்பீரம் வந்தது. அந்த லைசென்ஸ் விஷயத்துக்குப் பிறகு அவளை நம்பி ஒருவரும் ஒரு ரகசியத்தையும் கொடுத்ததில்லை. தம்பியைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னாள். இரண்டே பொத்தான்களில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அமுக்கினாள். கணக்கு திறந்தது. அவர் சிறு தொகையை அனுப்பினார். வந்து சேர்ந்ததும் அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா இருந்து இதைப் பார்த்திருக்க வேண்டும் என்றாள்.

அவ்வளவுதான். பால்வண்ணநாதனின் கண்கள் குளமாயின. அந்தக் கலங்கலோடே, எக்ஸ்சேஞ்சில் மீதி இருந்ததையெல்லாம் தன் கணக்குக்கு அனுப்பினார். அனுப்பியதாக நினைத்தார். கருவியின் கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகித் தன் கணக்கைத் திறந்தபோது அது காலியாக இருந்தது. முகவரியை மாற்றாமல் அத்தனையையும் அக்காவின் கணக்குக்கே அனுப்பியிருந்தார். கேபிளைப் பிடுங்கியதால் அதுவும் பூட்டிக்கொண்டது; இனி அவள் சொல் இல்லாமல் திறக்காது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அக்கா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அவர் ஓடிவந்து, சும்மா ஒரு சந்தேகம், என்ன சொல் போட்டாய் என்று சிரித்தபடி கேட்டார்.

அக்காவும் சிரித்தாள். அடுத்த காலிலும் செருப்பை மாட்டினாள்.

கொஞ்சம் அவசரம் என்றார். அக்காவின் சிரிப்பு நின்றது. மீனாவின் படிப்பு முழுக்க அதில் மாட்டிக்கொண்டது என்று சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா கிட்டே வந்து, காதில் ஏதாவது ஒயர் இருக்கிறதா என்று அவர் தலையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

“ஏ ஸ்ரீமதி, இவன எவனோ போன்ல மிரட்டுதான். போன வாங்கி வையி.” பிறகு தம்பியின் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். “பயப்படாதலே. என் உசுரே போனாலும் அந்தச் சொல்லு வெளிய வராது.”

அதைக் கேட்டதும்தான் பால்வண்ணநாதன் வாய்விட்டு அழுதார்.

அவ்வளவு பாசமா என்று அக்காவும் கலங்கினாள். மீனாவுக்குப் பணம் கட்டுகிற அன்றைக்கு ஆள் அனுப்பு, நானே வந்து அமுக்கித் தருகிறேன், நீ சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள் என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறப் போனவள், தம்பி பின்னாலேயே வருவதைக் கண்டு திரும்பினாள். சாரலில் நனையாதே என்று அவரை உள்ளே தள்ளி, கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்திவிட்டுப் போனாள்.